எதைக் காப்பாத்தப் போறே?

போன மாதம் ஒரு மாணவர் விடுதியில் வாசிப்பு வட்டக் கூட்டம். பஞ்சமி நிலம் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்துப் படுக்கலாமென்று மாடிக்குப் போனால் அங்கே இன்னொரு கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. ஏழெட்டுப் பையன்கள் ஒரு தடித்த கேட்லாக்கைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் துப்பாக்கி விற்கிற கம்பெனியின் விலைப்பட்டியல். கப்பலில் வேலை பார்க்கிற யாரோ ஒருவனின் மாமா கொண்டுவந்ததாம். வீட்டைக் காக்க எது தோது? ரவை சிதறுகிற ஷாட்கன்னா, ரைபிளா, கைத்துப்பாக்கியா? குழலுக்கு அடியில் டார்ச் மாட்டிக்கொள்ளலாம். குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி தெரிகிற கண்ணாடி பொருத்திக்கொள்ளலாம். கையின் நீளத்துக்குத் தக்கபடி கட்டையை இழுத்துக் குறைத்துக்கொள்ளலாம். தோளில் உதைக்காமல் இருக்க ரப்பர் பட்டை. சட்டை தைக்க அளவு கொடுக்கிற மாதிரி துப்பாக்கிக்கு அளவு கொடுக்கிறான் வெள்ளைக்காரன்.

"அண்ணே, நம்ம காலனிக்கு இதுல எது சரியா வரும்?" என்று கேட்டான் ஒருவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்த்தெருவில் இறங்காமல் பைக் ஓட்டிக்கொண்டு போனதற்காக அவனுடைய அண்ணனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

தோழர்களுக்குத் தெரியும், நமது மாவட்டக் குழுவின் முன்னால் ஒரு தீர்மானம் கிடக்கிறது. 'வன்கொடுமைப் பகுதிகளில் தலித் குடும்பங்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கு' என்கிற ஒற்றை வரித் தீர்மானம். இதைக் கண்டித்து, நம்மீது எப்போதும் அக்கறையோடு இருக்கிற ஒரு பேராசிரியர், 'ஆயுதக் கலாச்சாரத்தைத் தலித்துகளும் கைக்கொள்ளலாமா?' என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். இரண்டு தரப்போடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பெரியவர் என்பதால் பேராசிரியருக்கு முதல் மரியாதை.

அய்யா, துப்பாக்கி இல்லாத நாட்டில் நாங்கள் துப்பாக்கியைப் புதிதாகக் கொண்டுவந்து நுழைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பண்ணை வீட்டுக் கூடத்தில் மான்கொம்புக்குக் கீழே ரெட்டைக்குழல் தொங்குகிறது. அது உங்கள் கண்ணில் ஆயுதக் கலாச்சாரமாகப் படவில்லை, பரம்பரைப் பெருமையாகப் பட்டது. போன தடவை வந்தபோது அதன் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடித்தீர்கள். தொங்குகிறவரைக்கும் பாரம்பரியம், நாங்கள் விண்ணப்பம் போட்டால் மட்டும் வன்முறையா? நீங்கள் குடியிருக்கிற அடுக்குமாடியின் வாசலில் ராத்திரி முழுக்கக் கம்பு பிடித்து ஒருவர் நிற்கிறாரே, அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

இந்த நாட்டில் ஆயுதச் சட்டத்தின் கதையே 'யாரை நம்பலாம்' என்கிற கதைதான். 1878இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அதைத் தேசியவாதிகள் இனவெறி என்று எதிர்த்தார்கள், சரியாகவே எதிர்த்தார்கள். வெள்ளைக்காரன் போனான், 1959இல் புதுச் சட்டம் வந்தது. விலக்கு போயிற்றா? குடகுக்குப் போய்ப் பாருங்கள். குடவ இனத்தவரும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். பிறப்பையும் நிலத்தையும் அளவுகோலாக வைத்து வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை அது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் சரியென்றது. அதே குடகில் காப்பித் தோட்டத்தில் முதுகொடிய வேலை செய்கிற எரவருக்கும் பணியருக்கும் அந்த விலக்கு கிடையாது. துப்பாக்கிக்கு சாதி இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

1959ஆம் வருடச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பயிரைக் காப்பாற்றுவதற்கு நாட்டுத் துப்பாக்கிக்கு, அதாவது வாய்வழியே மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு, உரிமம் கேட்கலாம். காட்டுப்பன்றி வருகிறது, கொடு. பயிர் யாரிடம் இருக்கிறது? நிலம் உள்ளவனிடம். ஆக நிலத்தோடு துப்பாக்கியும் சேர்ந்தே வருகிறது. பன்றி வந்தால் சுட ஒரு ஏற்பாடு, பன்றியைவிடக் கேவலமாக நடத்தப்படுகிறவனுக்கு ஒரு மனு எண்.

மனு எண் என்றதும் எங்கள் சித்தப்பா ஞாபகம் வருகிறது. சொந்தச் சித்தப்பா இல்லை, முறைக்குச் சித்தப்பா. தனித்தொகுதியில் ஊராட்சித் தலைவராக ஜெயித்தவர். ஜெயித்த அன்றிலிருந்து, 'நாற்காலியில உக்காந்தா தலை இருக்காது' என்று ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேலவளவு நடந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்களே, அந்த மேலவளவு. சித்தப்பா ராத்திரி தூங்குவதை விட்டுவிட்டார். நான்தான் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவரைக் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அப்போது நானும் விடுதிப் பையன்தான். எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். சாதிச் சான்றிதழ் நகலில் நிறுத்தினார்.

"எத்தனை ஏக்கரு வச்சிருக்கே?"

"நெலம் இல்லீங்க."

"கடை, கிடை, நகை?"

"இல்லீங்க."

"அப்புறம் எதைய்யா காப்பாத்தப் போறே?"

சித்தப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உசுரைத்தாங்க" என்றார்.

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எழுத எனக்கு மொழியில்லை.

சொத்து இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதை நான் அங்கேயே வாசித்துக் காட்டினேன். "சட்டம் படிச்ச தம்பியா? போலீஸ் ரிப்போர்ட் வரட்டும்" என்றார். ரிப்போர்ட் வந்தது. 'மனுதாரர் மீது 107 பிரிவின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.' சங்கதி முடிந்தது.

இந்த 107ஐப் பற்றி நமது இளைஞர்கள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திருவிழாவில் நம்மை அடிக்கிறான். நாம் புகார் கொடுக்கிறோம். ஸ்டேஷனில் நம்முடைய புகாரோடு அவனுடைய புகாரையும் வாங்கி, 'இருதரப்பு மோதல்' என்று எழுதி, இரண்டு தரப்பையும் ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி, ஓராண்டுக்கு அமைதி காப்பதாகப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 126. நம்பர்தான் மாறியது. அமைதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அந்தக் காலம் முடிகிறவரைக்கும் துப்பாக்கி வைக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. அடி வாங்கியவன் அடி வாங்கிய காரணத்தாலேயே தகுதி இழக்கிறான். பத்திரம் எழுதிக் கொடுத்த அடுத்த தரப்பு ஆளின் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது அவன் பெயரில் இல்லை, அவன் அப்பன் பெயரில் இருந்தது. அந்த வருடமே புதுப்பித்தும் கொடுத்தார்கள்.

சித்தப்பா இப்போது இல்லை. சர்க்கரை நோயில் போனார், வெட்டுப்பட்டுச் சாகவில்லை. எங்கள் ஊரில் அதைக் கொடுத்துவைத்த சாவு என்கிறார்கள்.

பேராசிரியரே, இன்னொன்றும் கேளுங்கள். தலித்துக்கு ஆயுத உரிமம் என்பது ஏதோ தீவிரவாதிகள் கண்டுபிடித்த கோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இந்திய அரசே எழுதியது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்காக 1995இல் போட்ட விதிகளில் மூன்றாவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவையென்றால் அங்கே தலித், பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் ரத்து செய்து துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையென்றால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உயிரையும் உடைமையையும் காக்க உரிமம் வழங்க வேண்டும். இந்த வரிசையில்தான் இருக்கிறது. எழுதி முப்பது வருடம் கடந்துவிட்டது.

'நடைமுறைச் சிக்கல்' என்பார்கள். என்ன சிக்கல்? தேர்தல் அறிவித்தவுடன் மாவட்டம் மாவட்டமாக உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பெரிய பெரிய மிராசுகள்கூட வரிசையில் நின்று ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். யாரிடம் எத்தனை இருக்கிறது என்கிற பட்டியல் தாசில்தார் வரைக்கும் தெரிகிறது. ஓட்டுப்பெட்டியைக் காப்பாற்றச் சில நாட்களில் முடிகிற வேலை, சேரியைக் காப்பாற்ற முப்பது வருடத்தில் முடியவில்லை!

சரி. பேராசிரியர் பாடு முடிந்தது. இனி நம்ம பையன்கள்.

தம்பிகளா, கேட்லாக்கில் இருக்கிற நாட்டைப் பற்றியே பேசலாம். வெறும் துப்பாக்கிப் படமாக அதைப் பார்க்காதீர்கள். பக்கங்களுக்குப் பின்னால் நம்மைப் போன்ற ஒரு சனம் நிற்கிறது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் என்று பெயர் வைத்தவர்கள் எங்கிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள்? அந்தச் சனத்திடமிருந்துதான்.

அடிமை முறை ஒழிந்த 1865ஆம் வருடமே மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது: உள்ளூர் அதிகாரிகள் உரிமம் கொடுத்தால் ஒழிய, விடுதலையான கறுப்பர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதே ஊர்களில் முகமூடி போட்டுக்கொண்டு ராத்திரியில் வந்த கும்பல்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கை நமக்கு அகிம்சைச் சிலையாகத்தான் காட்டுகிறார்கள். 1956 ஜனவரியில் அவருடைய வீட்டில் குண்டு போட்டார்கள். அதன்பிறகு அவர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு ஆள். அவரிடம் எத்தனை ஏக்கர் என்று கேட்டார்களோ என்னவோ.

வட கரோலினாவில் மன்றோ என்று ஒரு சிற்றூர். ராபர்ட் வில்லியம்ஸ் என்கிற கறுப்பர், மரைன் படை வீரராக இருந்து திரும்பியவர், அங்கே இயக்கக் கிளைக்குத் தலைவர். கறுப்பின டாக்டர் ஒருவரின் வீட்டைக் குறிவைத்து 1957இல் கு க்ளக்ஸ் கிளான் கார்களில் ஊர்வலமாகச் சுட்டுக்கொண்டே வந்தது. வீட்டைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி ஆட்கள் காத்திருந்தார்கள். திருப்பிச் சுட்டார்கள். கார்கள் திரும்பி ஓடின. அதுவரைக்கும் 'சட்டத்தில் இடமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த நகராட்சி, உடனே அந்த ஊர்வலங்களுக்குத் தடை போட்டது. திருப்பி அடி என்கிற சொல்லுக்கு இப்படியும் பலன் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு விசில் அடிக்காதீர்கள். 1961இல் வில்லியம்ஸ்மீது ஆள் கடத்தல் வழக்குப் போட்டார்கள், அவர் குடும்பத்தோடு கியூபாவுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று.

1964, 65இல் லூசியானா மாநிலத்தில் ஜோன்ஸ்போரோ, பொகலூசா ஊர்களில் 'டீக்கன்கள்' என்கிற தற்காப்பு அமைப்பு இருந்தது. ஆலைத் தொழிலாளிகள், ராணுவத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது என்பதை மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களிடம் வேறு என்ன இருந்தது? முறைவைத்த ராத்திரிக் காவல் இருந்தது. வாக்கி-டாக்கி இருந்தது. யார் கார் எந்தத் தெருவில் நுழைகிறது என்று பார்த்துச் சொல்கிற ஆள் இருந்தான். தெருவே விழித்திருந்தது. கேட்லாக்கில் டார்ச்சும் சிவப்புப் புள்ளியும் மாட்டுகிறார்களே, அதெல்லாம் தனி ஆள் தனி வீட்டில் தனியாக உட்கார்ந்து பயப்படுவதற்கான ஏற்பாடு. டீக்கன்கள் மாட்டிக்கொண்டது வேறு சாமான்.

மிசிசிப்பியில் ஹார்ட்மன் டர்ன்போ என்று ஒரு விவசாயி. 1963இல் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனார். ராத்திரி அவர் வீட்டில் தீக்குண்டு எறிந்து சுட்டார்கள். அவர் ரைபிளை எடுத்துத் திருப்பிச் சுட்டார், வந்தவர்கள் ஓடினார்கள். விடிந்ததும் கைது செய்யப்பட்டது யார்? டர்ன்போதான். என்ன குற்றம்? தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொண்டாராம்! இதைப் படித்தபோது என் சட்டையைப் பிடித்து யாரோ உலுக்குவது போலிருந்தது. 'நஷ்டஈட்டுக்காக அவனுங்களே கொளுத்திக்கிட்டானுங்க' என்பது நம் காதில் விழாத தீவைப்பு உண்டா?

கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படி, வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி 1967 மே மாதம் சட்டமன்றத்துக்குள் போனார்கள். அந்த வருடமே வெளியில் நிறைத்த துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடைச்சட்டம். கையெழுத்துப் போட்டவர் ரீகன், துப்பாக்கிதான் சுதந்திரம் என்று பிற்காலத்தில் முழங்கிய அதே கட்சிக்காரர். அன்றைக்கு ரைபிள் சங்கமும் தடைக்கு ஆதரவு.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்கிற கறுப்பின இளைஞரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. 'என்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது' என்று அவர் முறையாகச் சொன்னார். சொன்னதற்காகவே சுடப்பட்டுச் செத்தார். சுட்ட போலீஸ்காரர் அடுத்த வருடம் விடுதலை. 2020 மார்ச்சில் லூயிவில் நகரில் நடுராத்திரி பிரியோனா டெய்லரின் வீட்டுக் கதவைப் போலீஸ் உடைத்தது. திருடர்கள் என்று நினைத்து அவருடைய காதலர் உரிமத் துப்பாக்கியால் ஒரே ஒரு தடவை சுட்டார். கேட்லாக் சொல்லிக்கொடுக்கிற அதே வீட்டுத் தற்காப்பு! போலீஸ் 32 தடவை சுட்டது. டெய்லர் செத்தார். கொலை முயற்சி வழக்கு முதலில் யார்மேல்? காதலர்மேல். பிறகுதான் கைவிட்டார்கள்.

கதவை உடைத்து வருகிறவனே போலீஸாக இருந்தால் எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பீர்கள்? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் புகுந்து வீடு வீடாக உடைத்தது எந்த சாதிக்கும்பல்? காக்கி போட்ட கும்பல்தானே. அன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு உரிமத் துப்பாக்கி இருந்திருந்தால்கூட, ஊரையே சுட்டுத் தீர்க்க அது போதுமான சாக்காக இருந்திருக்கும்.

அப்புறம், வீடு. கேட்லாக்காரன் மனசில் ஒரு வீடு இருக்கிறது. முன்கதவு, நடை, மாடிப்படி, படுக்கையறை. திருடன் நடையில் வருவான், நீ படுக்கையறைக் கதவோரம் நின்று சுடு. நம் வீட்டில் நடை எங்கே இருக்கிறது? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி மிராசுதார்களின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். ஓடிய பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் ராமையாவின் குடிசைக்குள் அடைந்தார்கள். வெளியிலிருந்து தீ வைத்தான். 44 உயிர். கூரைக்கு எந்தத் துப்பாக்கி காவல்? பீகாரில் லட்சுமண்பூர் பாதேவில் 1997 டிசம்பர் 1 ராத்திரி ரண்வீர் சேனா தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றது, 58 பேர். கீழ்நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

'கூரையை மாத்திக் காங்கிரீட் போட்டா சரியாயிடும்' என்று நானே ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250க்கு மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பெங்களூரில் கூலி வேலை பார்த்து வாங்கிய பீரோ, வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் சாம்பல். அங்கே அவனுக்கு எரிச்சல் மூட்டியதே காங்கிரீட்தான். ஆகவே எது போட்டாலும் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

துப்பாக்கியின் விலையையும் பார்த்துவிடுவோம், தேர்ந்தெடுப்பது பற்றித்தானே பேச்சு. இங்கே 9 எம்.எம்.மும் .303உம் சாதாரண ஆள் வைக்க முடியாது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் பெண்களின் தற்காப்புக்கென்று 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வர் வெளியிட்டது. கைப்பைக்குள் அடங்கும், அரைக் கிலோ எடை. விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம். அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 167 ரூபாய். அந்தக் கூலியை ஒரு டீ கூடக் குடிக்காமல் சேர்த்தால் எழுநூற்று முப்பது நாள் வேலை. வருடத்துக்கு நூறு நாள் கணக்கில் ஏழு வருடத்துக்கு மேல். எந்தப் பெண்ணுக்காக அந்த ரிவால்வரைச் செய்தார்கள் என்று விலையே சொல்லிவிடுகிறது.

பெண்கள் என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தீர்மானம் பற்றிய பேச்சு வந்தபோது எங்கள் பகுதி மகளிர் தோழர் ஒருவர் கேட்டார்: "துப்பாக்கிய எங்க வைப்பீங்க? பரண்லயா, அரிசிப் பானைக்குப் பின்னாடியா? ஊர்க்காரன் வருஷத்துக்கு ஒருக்கா வருவான். குடிச்சிட்டு எம் புருஷன் தெனமும் வர்றான்." ஆண் தோழர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அமெரிக்காவில் 1993இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் இல்லாத வீட்டைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் என்றது. கொன்றவர்கள் பெரும்பாலும் வீட்டாளோ தெரிந்தவரோதான். அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. பரிட்சையில் தோற்றதற்கும், சாதி சொல்லி அவமானப்படுத்தியதற்கும் தூக்கில் தொங்குகிற பிள்ளைகள் உள்ள தெருவில் இதை யோசிக்காமல் கை தூக்கக் கூடாது.

அப்படியானால் தீர்மானத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. பேராசிரியர் ஜெயித்தார் என்று ஆகிவிடும். உரிமை உரிமைதான். வீட்டுக்குத் தீ வைக்கிறவனையும் ராத்திரியில் வீடு உடைத்து நுழைகிறவனையும் தடுப்பதில் உயிர் போனாலும் அது குற்றமல்ல என்று பழைய தண்டனைச் சட்டம் 103இலும் இப்போதைய நியாய சன்ஹிதா 41இலும் இருக்கிறது. எல்லோருக்கும் உள்ள அந்தத் தற்காப்பு உரிமை நம் தெருவுக்குள் மட்டும் நுழைய மறுக்கிறது. அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஒற்றை வரித் தீர்மானம் தப்பு. விதி 3ஐத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். அவனுடைய துப்பாக்கியை வாங்கி உள்ளே வை என்பது முதல் கோரிக்கையாக வர வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று எங்கள் மாவட்டத்தில் எந்தெந்த ஊரை எழுதி வைத்திருக்கிறாய், அந்த ஊர்களில் யார் யாரிடம் உரிமம் இருக்கிறது, எத்தனையை ரத்து செய்தாய்? பட்டியலை வெளியே போடு. நமக்கு உரிமம் என்பது அதற்கப்புறம். அதுவும் வீட்டுக்கொன்று அல்ல. மிரட்டலில் இருக்கிற ஊராட்சித் தலைவர்கள், வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவர்கள், இவர்களில் கேட்கிறவருக்கு. சாட்சிகளைக் காப்பது அரசின் கடமை என்று 2015 திருத்தத்தில் 15ஏ பிரிவாகவே வந்திருக்கிறது. அதையும் சேர்த்து எழுத வேண்டும். துப்பாக்கியை வீட்டில் எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்பதை மகளிர் தோழர்கள் சொல்கிறபடி எழுத வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஊருக்கு வேண்டாம்.

107 வழக்குகளை எதிர்த்து ஒரு வரி இல்லாத தீர்மானம் வெறும் காகிதம். இருதரப்பு என்று எழுதுகிற பேனாவை நிறுத்தாமல் நம்மில் ஒருவர்கூட ஜன்னலைத் தாண்ட முடியாது. அப்புறம் ஊர்த்தெரு வழியாகப் போகாத தனிப் பாதை, காலனியின் கடைசி வீடு வரைக்கும் தெருவிளக்கு, முறைவைத்த ராத்திரிக் காவல். பையன்கள் முகத்தைச் சுளிப்பார்கள், இதிலெல்லாம் சிவப்புப் புள்ளி இல்லை. டீக்கன்கள் முதலில் செய்தது இதைத்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மாவட்டக் குழு கூடுகிறது. கடந்த ஐந்து வருடத்தில் 107இலோ 126இலோ பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் அந்த உத்தரவின் நகலைக் கொண்டு வரவும். நகல் இல்லாதவர்கள் எந்த வருடம், எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்தால் போதும். பெண் தோழர்கள் கட்டாயம் வர வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர்கள் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கேட்லாக் என்னிடம்தான் இருக்கிறது. அதன் சொந்தக்காரத் தம்பி கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.